என் வகுப்பும் வேலம்மாளின் பெரட்டும்

சாந்தன்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் இருபது வருடம் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் பாலியேட்டிவ் நர்ஸாக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். நோயாளியின் முகத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்திலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட நானே வேலம்மாளைப் படுக்கையில் தள்ளினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

வேலம்மாள் கொழுந்தெடுத்து ரிட்டயர் ஆனவர். மகன், மருமகளோடு லயத்தில் இருந்தார். ஒரு நாள் ஹோம் கேருக்குப் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பத்து நாளாகச் சரியான சாப்பாடில்லை, மாத்திரையும் போடுவதில்லை என்று மருமகள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிரஷர் பார்த்தால் எகிறிக் கிடந்தது. இப்படியே விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். திட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் போன் கிடந்தது. எடுத்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேதான் பிடித்தேன்.

"போன் மேல என்னக்கா கோவம்?"

"பெரட்டுல என் பேர வெட்டிட்டாக சிஸ்டர். முப்பத்தெட்டு வருசத்துல ஒரு நா லேட்டாப் போனவளா நானு?"

பெரட்டு என்பது எஸ்டேட்டில் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ரிட்டயர் ஆனவர்கள் பலர் சங்கரன்கோவில், தென்காசி என்று ஊர் திரும்பிவிட்டார்கள். பழைய சூப்பர்வைசர் தங்கையா அவர்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து, தினமும் காலை ஏழு மணிக்குச் செக்ரோல் என்கிற ஆஜர் பதிவேட்டில் இருந்த வரிசைப்படியே ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வாய்ஸ் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மைக்கை அழுத்தி "வந்துட்டேன்" என்பார்கள்.

குரூப்பைத் திறந்து பார்த்தேன். மைக்கைக் காணோம். அட்மின் மட்டும்தான் அனுப்பலாம் என்று இங்கிலீஷில் இருந்தது. பாவம், இவர் அதை எங்கே படிக்க? தன்னை மட்டும் விலக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

வெளியே வந்து தங்கையாவுக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்தேன். மனிதர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்கதான சிஸ்டர் வகுப்புல சொன்னீக? வாட்ஸ்அப்பால வயசானவுக மனசு கெட்டுப்போவுது, மூடி வைங்கன்னு. அதான் பெரட்ட நிறுத்திக் குரூப்பப் பூட்டிட்டேன்."

அங்கன்வாடியில் நான் எடுத்த சுகாதார வகுப்புதான். யாரோ அனுப்பிய வைத்தியக் குறிப்பை நம்பி ரெண்டு பேர் மாத்திரையை நிறுத்தியிருந்த ஆத்திரத்தில் முழங்கிவிட்டேன். கைதட்டினார்கள் வேறு.

குரூப்பில் இருந்த இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்தேன். நாலு பேருமே தன் பேரை மட்டும்தான் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார்கள். மானத்துக்கு அஞ்சி ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் சர்வீஸில் வேறெப்போதும் வந்ததில்லை.

தங்கையா உடனே பூட்டைத் திறந்துவிட்டார். வேலம்மாளோ போனைத் தொட மறுத்தார். அவர்களாகக் கூப்பிடட்டுமாம். சொல்லி அனுப்பினேன். பகல் பதினோரு மணிக்குப் பெரட்டு ஆரம்பித்தது. ஒவ்வொரு பேராக வந்தது, ஒவ்வொரு குரலாகப் பதில் சொன்னது. வேலம்மாளின் பேர் வந்ததும் கட்டிலைப் பிடித்து எழுந்தார். கலைந்த முடியை அள்ளி முடிந்து, நின்றுகொண்டுதான் மைக்கை அழுத்தினார்.

"வந்துட்டேன்யா."

பிறகு மருமகளிடம் கஞ்சி கேட்டார். கஞ்சிக்குப் பிறகு மாத்திரையும் உள்ளே போயிற்று. பூட்டச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "ரிட்டயராகிப் பாரு, தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் போனை மூடு என்று நான் சொன்னதில்லை. அந்தப் போனுக்குள் உங்களுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன். பொய் வைத்தியத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

போன வருடம் நானும் ரிட்டயர் ஆனேன். தங்கையாவிடம் நானே கேட்டு அந்தக் குரூப்பில் சேர்ந்தேன். என் பேர் கடைசியில்தான் வரும். அது வரும்வரை டீயைக்கூடத் தொடுவதில்லை.