ஸ்டெல்லா அக்கா ஆடிய ஊர்கள்

பேருந்து சிதம்பரம் நிலையத்துக்குள் திரும்பும்போது, பூக்கடைக்கு மேலே கட்டியிருந்த பேனரில் ஸ்டெல்லா அக்காவின் முகம் தெரிந்தது. ஏதோ போட்டிக்கான விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டி நின்ற பிறகுதான் மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருப்பதைப் படித்தேன். படத்தில் அக்கா கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் தோளில் யாருடையதோ ஒரு கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அது என் கை. குழுப் படத்திலிருந்து அக்காவை மட்டும் வெட்டி எடுத்தவர்கள், என் கையை மட்டும் வெட்ட முடியாமல் விட்டிருக்கிறார்கள்.

கீழே இறங்கிப் பூக்கடைக்காரரிடம் கேட்டேன். "பந்து விளையாடுற அம்மாதான? நேத்து நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம். நாப்பது வயசுகூட ஆவலம்மா" என்றார். யாரும் எனக்குத் தகவல் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆள் நான் என்று யாருக்கும் தெரியாது.

அவரைத் தெரிந்த உங்களில் பலர் அவரை மைதானத்தில் பார்த்தவர்கள். நான் அவரை அலுவலகத்தில்தான் முதலில் பார்த்தேன். 2005-ஆம் ஆண்டு, சுனாமிக்கு அடுத்த வருடம். கிள்ளையில் அப்பாவின் படகு உடைந்து கிடந்தது. எங்கள் குடும்பத்திலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கியிருந்த நான், கடலூரில் ஓர் ஆலையின் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். பக்கத்து மேசையில் உயரமாக ஒரு பெண், கணினியைத் தொடாமல், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆலையின் மகளிர் கூடைப்பந்து அணிக்காக எடுக்கப்பட்டவர் என்றார்கள். அவரும் தற்காலிகம்தான்.

பத்தாம் வகுப்போடு விளையாட்டு விடுதிக்குப் போனவர் அக்கா. பிறகு கோயம்புத்தூர், திருச்சூர், செகந்திராபாத், பிலாய், ஒரு வருடம் மலேசியா. எல்லா இடத்திலும் ஒப்பந்தம்தான். ஊர்களை அவர் கோயிலையோ கடைத்தெருவையோ வைத்து நினைவில் வைத்திருக்கவில்லை. "திருச்சூர்ல எப்பவும் மழை. கோர்ட்டத் துணி போட்டுத் தொடச்சிட்டு ஆடுவோம். பிலாய்ல சிமெண்ட் தரை. என் முட்டி அங்கதான் கெடக்குது, போனா பொறுக்கிட்டு வரணும்" என்பார். எந்த ஊர் பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். "எல்லா ஊரும் நல்ல ஊருதான்டி. சீசன் முடிஞ்ச மறுநாள் ரூம் சாவியக் கேப்பாங்க பாரு, அப்பதான் தெரியும்."

சாவியைத் திருப்பிக் கேட்காத ஒரு வேலை வேண்டும் என்றுதான் அவர் கடலூருக்குத் திரும்பி வந்திருந்தார். முதுநகரில் அவருடைய அம்மா படுக்கையில் இருந்தார். மாவட்டங்களுக்கு இடையிலான கோப்பையை ஆலை அணி ஜெயித்தால், அணியில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அந்த ஒருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்தப் போட்டியில் வெளியாட்களுக்கு இடமில்லை. ஆலையின் ஊழியர்கள்தான் ஆடவேண்டும். ஆள் குறைந்ததால், வழக்கம்போல அலுவலகப் பெண்களில் உயரமானவர்களாகப் பார்த்துப் பெயர் கொடுத்தார்கள். நானும் உயரம். "சும்மா பெஞ்சில உக்காந்தா போதும்" என்றார் மேலாளர். நான் கால்சட்டையைச் சுடிதாருக்குள் மறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பார்க்க வந்திருந்த கூட்டத்தில் கிள்ளைக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவதே எனக்கு வேலையாக இருந்தது.

இறுதி ஆட்டத்தில் எங்கள் அணியில் இருவர் ஐந்து தவறுகள் செய்து வெளியேறினார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. பெஞ்சில் மிச்சம் நான் மட்டும். அக்கா வந்து என் துப்பட்டாவை உருவினார். "வா. ரிங்குக்குக் கீழ நில்லு. பந்து வந்தா எனக்குக் குடு."

பந்து வந்தது. அக்காவுக்குக் கொடுக்கத்தான் திரும்பினேன். ஆனால் என் பக்கத்தில் யாருமே இல்லை. எதிரணிப் பெண்கள்கூட விலகி நின்று வழிவிட்டார்கள். தலைக்கு மேலேயே வளையம். முதல் பாதி முழுக்க நான் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த வளையம் அது. நிதானமாகப் போட்டேன். விழுந்தது. வாழ்க்கையில் நான் போட்ட ஒரே கூடை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பது எனக்குத் தெரியாது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏ, அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கம்பெனியும் சம்பளம் குடுக்குதாடா?" என்று ஒருவன் கத்தினான். எனக்கு அங்கேயே தரை பிளக்காதா என்றிருந்தது. அக்கா அருகில் வந்தார். இத்தனை வருடம் காத்திருந்த வேலை அந்தக் கூடையில் போயிருக்கலாம். அவர் முகத்தில் அது இல்லை. "யம்மா தாயே, நம்ம ரிங்கு அந்தாண்ட இருக்குது. ரூல்படி நீ போட்ட பாயிண்ட்டு அவுங்க கேப்டன் பேர்லதான் ஏறும். மேட்ச் முடிஞ்சதும் போய் ஒரு டீ வாங்கிக் குடி" என்றார். பிறகு அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஜெயித்தோம். பேனரில் இருந்த படம் அன்று எடுத்தது.

மறுவாரம் மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, தப்பா எடுத்துக்காதீங்க. ரூல்ஸ்ல டிகிரி கேக்குது. டீம்ல டிகிரி முடிச்சவங்க கவிதா ஒருத்தங்கதான்" என்றார்.

எனக்கு உடைந்த படகு ஞாபகம் வந்தது. தம்பியின் படிப்பு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்காதான் பேசினார். "குடுங்க சார். படிச்ச புள்ள."

வெளியே வந்ததும் நான் அழுதேன். அவர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "மூஞ்சத் தொங்கப் போடாத. நீ இல்லன்னா மட்டும் எனக்கா குடுத்துருப்பான்? மெட்ராஸ்லேருந்து அவன் மச்சான கூட்டியாந்து உக்கார வெச்சிருப்பான். கப்பு அவுங்க ஷோகேஸுக்கு, முட்டிவலி எனக்கு, வேல உனக்கு. மூணுல ஒண்ணாவது நல்ல எடத்துக்குப் போச்சு." அந்த வருடமே அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. மறுபடியும் ஊர் ஊராகப் போனார்.

கடைசியாக அவரைப் பார்த்தது பண்ருட்டி பேருந்து நிலையத்தில், இரண்டு வருடத்துக்கு முன்பு. சிதம்பரம் குழு ஒன்றுக்கு ஆடிவிட்டு, சின்னப் பெண்கள் நாலைந்து பேரோடு பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஏய், இவுங்க யாரு தெரியுமா? எங்க கம்பெனி டீம் ப்ளேயர். ஃபைனல்ல ஆடினவுங்க" என்று அவர்களிடம் சொன்னார். கிண்டல் துளியும் இல்லை. அந்தப் பெண்கள் மரியாதையோடு என்னைப் பார்த்தார்கள். "சும்மா பெஞ்சில உக்கார வெச்சாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, வராத பேருந்தை வந்ததாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு முதுநகர் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் தெரியாத பெண்கள் நிறையப் பேர். எல்லோரும் உயரம், எல்லோருக்கும் அதே அகன்ற தோள்கள். மண் போட்ட பிறகு மரத்தடியில் நின்று பேசினோம். ஒருவர் கோயம்புத்தூரில் வங்கி ஊழியர். ஒருவர் செகந்திராபாதில் ரயில்வே. திருச்சூரிலிருந்து வந்தவர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்தார். "எங்க டீம்லயும் அவங்கதான் ஜெயிச்சுக் குடுத்தாங்க. போஸ்டிங் எனக்கு வந்துச்சு" என்று ரயில்வேக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திருச்சூர்ப் பெண்தான் மெல்லச் சொன்னார், "நம்ம எல்லாரும் லீவு போட்டு வந்திருக்கோம், இல்ல?" லீவு போடும்படியான ஒரு வேலை அக்காவுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் விடுப்புக் கடிதத்தைக் கொடுத்தேன். இப்போதைய மேலாளர் புதியவர். "அக்கான்னு எழுதியிருக்கீங்க. கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கூட ஆடினவங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். இந்த நாற்காலியும், இதில் உட்காரும்போது வருகிற வெட்கமும்தான் அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.