கிஸ்பர்ட்டும் காற்று வெளியேறும் வழியும்

கிஸ்பர்ட் தேலன் யாரையும் நம்பமாட்டார். பதினோரு வருடம் அவருடைய பட்டறையில் போன் எடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆப்பிள் கேக் செய்து கொண்டுபோனால், "என்ன வேணும் உனக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். சில நாள் எனக்கு லீவு வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். மற்ற நாளெல்லாம் அது வெறும் கேக்தான்.

எங்கள் ஊர் ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டில், கார்ப் பந்தயப் பாதைக்குக் கீழே இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரர்கள் புதுக் காரைச் சோதிக்க இங்கேதான் வருவார்கள். அடையாளம் தெரியாமல் இருக்க, கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட தாளை மேலெல்லாம் ஒட்டி, அங்கங்கே பொய் மூடி வைத்துத்தான் காரை வெளியே எடுப்பார்கள். அதைப் படம் பிடிக்க வேலிச் செடிக்குள் நீளக் கேமராவோடு ஆட்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துப் பார்த்து எங்கள் ஊர்ச் சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் மூடி மறைக்கிற புத்தி வந்துவிட்டது. வெல்டிங் வைக்கும்போது ஜன்னலுக்குத் திரை போடுகிறவர்கள் உண்டு. கிஸ்பர்ட்டுக்கு அந்த நோய் முற்றியே விட்டது.

அவருடைய வேலை சூட்டோடு மட்டும்தான். பாதை ஒரு சுற்று இருபது கிலோமீட்டருக்கு மேல். ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு போகிற ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் கொதித்துத் தண்ணீராகிவிடும். ஆயில் நீர்த்துப் போனால் என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசும், அப்புறம் அது என்ஜின் இல்லை, பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சாமான். அப்படி ஆகாமல் ஆயிலைக் குளிர வைப்பதில் கிஸ்பர்ட்டை மிஞ்ச சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. அதை மட்டும் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

அவரோடு கடைசிவரை நின்றவர் லோதார். இருபத்தாறு வருடக் கூட்டாளி. அலுமினியத்தை அவர் ஒட்ட வைத்தால் ஒட்டின இடமே தெரியாது. வேலைக்கு வந்த மற்றவர்கள், கிஸ்பர்ட் பையைச் சோதித்த அவமானம் தாங்காமல் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். கிஸ்பர்ட்டின் மனைவியும் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வரைபடம் காணாமல் போனது. எங்களுக்குப் போட்டியான மேட்டுத்தெருப் பட்டறைக்கு லோதார் கொடுத்துவிட்டதாகக் கிஸ்பர்ட் குதித்தார். கடைசியில் அது கிஸ்பர்ட்டின் கோட்டுப் பையிலேயே இருந்தது.

லோதார் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவ நீ என்னை இப்படிக் கேட்டேன்னா போயிடுவேன்டா. திரும்பி வரமாட்டேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை, கிஸ்பர்ட்டின் வாய் எப்போது திறக்கும் என்பதுதான். லோதாரும் போனால் அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

மார்ச்சில் டாக்டர் ரோஸ்வீதா வந்தார். கோப்லென்ஸ் பக்கம் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர், கார் ஓட்டுவதும் கொஞ்சம் குதிரை ஓட்டுவது மாதிரிதான். பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், என்ஜின் பின்னால். ஒரு சுற்று முடிவதற்குள் ஆயில் நூற்று நாற்பத்தெட்டு டிகிரிக்குப் போய்விடுகிறது என்றார்.

கிஸ்பர்ட் பெரிய ஆயில் கூலராக ஒன்றை முன்பக்கம் சாய்த்து வைத்தார். "எல்லாப் பயலும் காத்து எப்படி உள்ள வரும்னுதான் யோசிப்பான். வெளிய போக வழி இல்லேன்னா உள்ள எப்படிடா வரும்?" என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். காரின் முன்மூடியின் மேலேயே அகலமாக வெட்டி, சூடான காற்று அந்த வழியாக வெளியேறும்படி செய்தார். லோதார் விளிம்பை மடித்து ஒட்டினார். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது நூற்றொன்பது டிகிரி. கிஸ்பர்ட் சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன், வருடத்தில் ஒருமுறை நடக்கிற காரியம்.

மறுநாளே சனி பிடித்தது. பெட்ரோல் போடுகிற இடத்தில் யாரோ ஒருவன் அந்த வெட்டைப் போனில் படம் எடுத்தானாம். கிஸ்பர்ட்டுக்கு அது போதும். ராத்திரியோடு ராத்திரியாக, கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி ஓட்டையுள்ள கறுப்புத் தகட்டை அளவெடுத்து வெட்டி, அந்த வழியின் மேல் நான்கு ஸ்க்ரூ போட்டு மூடிவிட்டார். மேலே இருந்து பார்த்தால் வெறும் அலங்காரப் பட்டை.

காபி குடிக்கும்போது லோதார் சொன்னார், "அது மூச்சை அடைக்கும்டா."

"ஓட்டைதான இருக்கு? கைய வச்சுப் பாரு, காத்து வருது."

"நிக்கிற வண்டியில வரும். இருநூறுல போறப்ப வராது."

கிஸ்பர்ட் காதில் வாங்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் நூற்று இருபத்தெட்டு. அதற்கடுத்து நூற்று நாற்பத்தொன்று. லோதார் மறுபடியும் ஒருமுறை தகட்டைத் தட்டிக் காட்டினார். கிஸ்பர்ட் அப்போது குழாய் இணைப்புகளை முறைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் பட்டறையில் உட்கார முடியவில்லை. ஆயில் கலப்படம் என்று டப்பாவை மாற்றினார். மீட்டர் பொய் சொல்கிறது என்று இன்னொரு மீட்டர் வாங்கினார், அதுவும் அதையே சொன்னது. அப்புறம் பார்வை லோதார் மேல் திரும்பியது. முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். யாராவது தொட்டால் கோடு விலகிவிடும். காலையில் டார்ச் அடித்துக் கோடு கோடாகப் பார்த்தார். ஒன்றுகூட விலகவில்லை.

"அப்போ யாரும் தொடலன்னு அர்த்தம்" என்றேன்.

"லோதார்கிட்டயும் அதே பெயின்ட் இருக்கு, மார்லிஸ்" என்றார், குரலைத் தாழ்த்தி.

"தயவுசெஞ்சு அவர்கிட்ட அதைக் கேட்டுடாதீங்க" என்று கெஞ்சினேன். என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் டாக்டர் கார் எடுக்க வந்தார். ஈஸ்டர் லீவு என்று ஊர் முழுக்க வெளியூர்க் கார்கள், பட்டறை வாசலில்கூட நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று டாக்டர் கேட்டார்.

கிஸ்பர்ட் லோதார் பக்கம் கையை நீட்டினார். "அவனைக் கேளுங்க. நான் நூத்தொன்பதுக்குக் கொண்டுவந்ததை எவன் கெடுத்தான்னு அவனுக்குத்தான் தெரியும். மேட்டுத்தெருவுல எவ்வளவு பெரிய நாற்காலி போட்டுத் தர்றேன்னாங்க, லோதார்?"

கேட்டேவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோதார் கருவிப் பெட்டியைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், கறுப்புத் தகட்டின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினார், தகட்டை மேஜையில் வைத்தார். டாக்டரிடம் சாவியை வாங்கி, காரைப் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வேறெதையும் தொடவில்லை என்பதை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். வாசலில் நிறுத்தி, கார்க் கதவை அகலத் திறந்து, ஒதுங்கி நின்றார். கிஸ்பர்ட் குனிந்து மீட்டரைப் பார்த்தார். நூற்றுப் பதினொன்று.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்து ஒரு மன்னிப்புக் கேளுங்களேன் என்று உள்ளுக்குள் மன்றாடினேன். லோதாரும் காத்திருந்தார், அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. கேட்டிருந்தால் நின்றிருப்பார், போயிடுவேன் என்று சொன்னதையும் மீறி.

கிஸ்பர்ட் நிமிர்ந்தார். கண்கள் மெல்லச் சுருங்கின.

"அப்போ உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என்னை மூணு வாரம் அலையவிட்டிருக்க. ஏன்டா?"

"ரெண்டு தடவ சொன்னேன், கிஸ்பர்ட்."

"எப்ப சொன்ன? யாரு கேட்டா?"

லோதார் சாவியை டாக்டரிடம் கொடுத்தார். "அந்தத் தகட்ட மறுபடி மாட்ட விடாதீங்க, டாக்டரம்மா. மத்தபடி வேலை சுத்தமா இருக்கு. கூலர் வச்சது இவன்தான், நல்லா வச்சிருக்கான்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

கிஸ்பர்ட் என் பக்கம் திரும்பினார். "அவன் சொன்னானா?"

"சொன்னார். ரெண்டு தடவயும் நான் பக்கத்துலதான் இருந்தேன். ஓடிப்போய்க் கூப்பிடுங்க, இன்னும் வளைவுகூடத் தாண்டல."

அவர் நகரவில்லை. என்னையே பார்த்தார். "நீ எப்பலேருந்து அவன் பக்கம், மார்லிஸ்?"

இந்த ஆளோடு பேசிப் பயனில்லை என்று, லோதாரைத் திருப்பி அழைத்துவர நானே ஓடினேன். கிஸ்பர்ட்டுக்காகத்தான் ஓடினேன். பத்தடி போயிருக்கமாட்டேன், எனக்குப் பின்னால் பட்டறைக் கதவை உள்ளேயிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது.