தென்னூர்க்காரியை ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். என் கணவரோடு ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தென்னூரிலிருந்து மனைவியோடு பஸ் ஏறி வருவார். வந்ததும் அவர் பேப்பரில் மூழ்கிவிடுவார். அவர் மனைவியும் என் கணவரும் சதுரங்கம் ஆட உட்கார்ந்துவிடுவார்கள்.

வாரம் பூராவும் என்னிடம் சாம்பாரில் உப்பு கம்மி என்பதற்கு மேல் பேசாத மனுஷர், அவளிடம் மட்டும் "அடடே, குதிரையை அங்கே வெச்சீங்களா!" என்று குதூகலிப்பார். அவள் சிரிப்பாள். அடுக்களையில் நிற்கும் எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அவள் காப்பியில் சர்க்கரையே போடாமல் கொடுத்தேன். ஆட்ட மும்முரத்தில் அதைக்கூடக் கவனிக்காமல் குடித்தாள்.

எட்ட நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். கணவர் ஆபீஸ் போனதும் பலகையை எடுத்து, ஞாயிறன்று அவள் ஆடியதை நானே ஆடிப் பார்ப்பேன். வெட்டுவதற்கு ஒரு காய் கிடைத்தால் அவள் விடவே மாட்டாள் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

ஒரு ஞாயிறு, "இன்னைக்கு நான் ஆடறேன்" என்று அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் கணவர்.

ஆட்டம் வெகுநேரம் நீண்டது. அவளுடைய ராஜா கடைசி வரிசையில் மூலையில் இருந்தார். முன்னால் சிப்பாய்கள் நகராமல் நின்றார்கள். அந்த வரிசைக்கு ஒரு யானை மட்டும் காவல். அது வெட்டும்படியான இடத்தில் என் குதிரையை வைத்தேன். யோசிக்காமல் வெட்டினாள். காவல் போனது. என் யானையை நேரே அந்தக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் வைத்து, "செக்" என்றேன். ராஜா முன்னால் வர அவருடைய சிப்பாய்களே வழி விடவில்லை. பக்கத்தில் நகர்ந்தாலும் என் யானையின் பாதை. குறுக்கே வைக்க அவளிடம் காய் இல்லை. ஆட்டம் முடிந்தது.

கணவர் அவள் பக்கம் குனிந்து, "நீங்க அந்த யானையைக் கடைசி வரிசையிலிருந்து நகர்த்தியிருக்கக் கூடாதுங்க..." என்று விளக்க ஆரம்பித்தார். ஜெயித்த என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"நீங்க சும்மா இருங்க. ஜெயிச்சவங்க சொல்லட்டும்" என்றாள் அவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இத்தனை நாள் ஏன் உள்ளேயே இருந்தீங்க?" என்று சிரித்தாள்.

அவர்கள் மதுரைக்கு மாற்றலாகிப் போகும்வரை நானும் அவளும்தான் ஆடினோம். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அவளோடு பேசுவதற்காக நானே ஞாயிறு எப்போது வரும் என்று இருக்க ஆரம்பித்தேன். கணவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றிய அன்று, வயிற்றெரிச்சல் இன்னும் கூடித்தான் போனது.