பென்சிலால் சுற்றிய கேசட்

சாந்தோமில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான அந்தக் கேசட் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டேப் ரிக்கார்டர், ஹெட்போன், தனிக் கேசட். பாடத்தைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் ஓட்ட வேண்டும். புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாம். எத்தனை முறை என்று யாரும் எண்ண மாட்டார்கள்.

நான் எண்ணினேன். முழுப்பரீட்சைக்குள் வாசிக்காவிட்டால் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று என் மகளின் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இந்த அறைக்கு வந்து ஒரு மாதமாகியும் அவள் முதல் பாடத்தைத் தாண்டவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவள் கேசட்டை மூன்றாம் பாடத்துக்கு ஓட்டிவைத்தேன்.

மறுநாள் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதாள்.

"யாரு மா ஓட்னது?" என்றார்.

"நான்தான் சார். பரீட்சைக்கு நாளே இல்லையே."

திட்டுவார் என்று நினைத்தேன். கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலை நுழைத்துப் பின்னோக்கிச் சுற்றினார். போட்டுக் காட்டினார். இது இல்லை என்று அவள் தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் சுற்றினார்.

"நானும் எம் பொண்ணுக்கு இப்டித்தான் ஓட்டி வுட்டேன்," என்றார், தலை நிமிராமல்.

"அப்புறம் என்ன ஆச்சு சார்?"

"இரு மா, கொயந்த கேட்டுக்கினு கீது."

என் மகளின் விரல் புத்தகத்தில் நகர ஆரம்பித்திருந்தது.

அவள் மூன்றாம் வகுப்பையே மறுபடி படித்தாள். இப்போது நன்றாக வாசிக்கிறாள். அவள் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய மகள் நினைவு வருகிறது. அன்று அவர் ஆறுதல் சொன்னாரா, எச்சரித்தாரா, இன்னும் விளங்கவில்லை.