தலை சீவிவிடுகிறவர்

என் கணவருக்கு இருமல் தொடங்கியபோது பஞ்சுத்தூசி என்றே நினைத்தேன். திருப்பூரில் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஆனால் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள் நான். அவர் பஞ்சைத் தொட்டதே இல்லை.

அவர் ஒரு தனியார் மருத்துவமனையின் பிணவறையில் வேலை பார்த்தார். ஒரிசா, பீகார் பக்கமிருந்து பிழைக்க வந்து இங்கே இறந்துபோகிறவர்களின் உடலை எம்பாமிங் (கெடாமல் பதப்படுத்துவது) செய்து ஊருக்கு அனுப்புவார். பெட்டியை மூடுமுன் எல்லோருக்கும் தலை சீவிவிடுவார். "அவங்கம்மா பாக்குமில்ல" என்பார்.

அந்த மழைக்காலம் முழுக்க இருமல் மருந்தில் ஓடியது. பிறகு மூச்சு வாங்கியது, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. என் தங்கை கல்யாணத்துக்காகக் காங்கேயம் போய்த் தங்கியபோது மட்டும் இருமல் இல்லை.

நெஞ்சக மருத்துவரிடம் அதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலைங்க?"

சொன்னோம். ஊதல் பரிசோதனை (நுரையீரலின் திறனை அளப்பது) எடுத்தார். தொழில்வழி ஆஸ்துமா (வேலையிடத்துப் பொருளால் வரும் மூச்சிறைப்பு). காரணம் பார்மலின், உடலுக்குள் ஏற்றும் நெடிமிகுந்த பதப்படுத்தும் திரவம்.

"மாஸ்க் போடுவீங்களா?"

"கர்ச்சீப் கட்டிக்குவனுங்க."

துணியும் சாதாரண மாஸ்க்கும் அந்த ஆவியைத் தடுக்காது என்றார் மருத்துவர். அதற்கென்றே வடிகட்டி வைத்த முகமூடி உண்டு. மேசைக்கு அருகிலேயே நெடியை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். பார்மலின் கேனைத் திறந்து வைக்கக் கூடாது, வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நானோ அதை மகளின் சீருடையோடு ஊறவைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் போகிறவர் இருந்தால் இவையெல்லாம் அங்கே இருக்கின்றனவா என்று இன்றே கேளுங்கள்.

"உங்களுக்கு இனி இதெல்லாம் பத்தாதுங்க. உடம்பு ஒருக்கா ஒத்துக்காமப் போனா துளி நெடியே போதும். அந்த ரூமுக்குள்ளயே போகக் கூடாது" என்றார் மருத்துவர் இவரிடம்.

மருத்துவரின் சீட்டைக் காட்டியதும் இவர் வேலை பார்த்த மருத்துவமனை விசிறி பொருத்தியது, பிணவறைக்குப் புது ஆட்களை அமர்த்தி முகமூடி கொடுத்தது. இவரை வெளியே, இறந்தவர்களின் உறவினர்களைக் கவனிக்கும் வேலைக்கு மாற்றியது. இன்ஹேலரில் (மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து) நெஞ்சு மெல்ல இளகியது.

ஒருநாள் கம்பெனிக்கு போன் வந்தது. ஓடினேன். ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார். சாயப்பட்டறையில் இறந்த ஒரு பையனுக்குத் தலை சீவாமல் பெட்டியை மூடப்போகிறார்கள் என்று உள்ளே நுழைந்துவிட்டாராம்.

எனக்குக் கோபம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, எங்களுக்கும் நீங்க வேணுமுங்க."

"இல்ல கலா. இனிப் போகமாட்டேன்."

போகவில்லை. மறுநாளே புது ஆட்களைக் கூப்பிட்டுச் சீப்பை ஒப்படைத்தார். இப்போது மகனின் பெட்டியை வாங்க வந்து நிற்கும் அப்பாக்களிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசி, டீ வாங்கிக் கொடுக்கிறார்.

காலையில் பால் வாங்கிக்கொண்டு வரும்போது எங்கள் மாடி வீட்டுப் படியில் பாதியில் நின்றுதான் ஏறுகிறார். முன்பெல்லாம் நான் கம்பெனி வேனுக்கு இறங்கி ஓடுகிறவள். இப்போது அவர் நிற்கும் படியில் நானும் நிற்கிறேன். அவர் மூச்சு சீராகும்வரை எனக்கும் வேறு வேலை இல்லை. கீழே வேன் ஹாரன் அடிக்கிறது. அடிக்கட்டும்.