அவர் நடந்த அடிகள்

ஆரோக்கியமாக வாழ்வது எப்படி என்று என் கணவருக்குத் தெரியும். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கரமனையில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற எல்லா ஆண்களுக்கும் அது தெரியும். ஆபீசில் மாலை போட்டு அனுப்பிவைத்த மறுநாளே இந்த ஞானம் வந்துவிடும். அதுவரை அப்பளம் இல்லாமல் இலையில் கை வைக்காதவர்கள், அதற்குப் பிறகு அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தாலே அடுத்த வீட்டுக்காரனுக்காகக் கவலைப்படுவார்கள்.

என் கணவருக்கு ஞானம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு எழுந்தவர், ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போய், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லைக்கோட்டில்தான் நின்றது, தாண்டவில்லை. ஆனால் அவர் கூடத்தில் உட்கார்ந்து பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு ஃபோன் செய்த தோரணையைக் கேட்டிருந்தால், யாராக இருந்தாலும் பஸ் பிடித்துப் பார்க்க வந்திருப்பார்கள். மகள் பயந்துபோய் ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். நாம் நடக்கும் அடிகளையும் நெஞ்சு துடிப்பதையும் எண்ணிச் சொல்லும் வாட்ச். எண்ணியது முழுவதும் அவர் ஃபோனில் வந்து விழும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சமையல். காலையில் அவருக்கு ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் பத்து. பதினொன்று கூடாது, ஒன்பதும் கூடாது. பிறகு ராகி தோசை, எண்ணெய் காட்டாமல். பதினொரு மணிக்கு முளைகட்டிய பயறு. மத்தியானம் முருங்கைக்கீரை, வெள்ளரிக்காய், கொஞ்சம்போல் சிவப்பரிசி. நாலு மணிக்கு பேரீச்சம்பழம் இரண்டு. ராத்திரி சப்பாத்தி. எல்லாம் வாட்ஸாப்பில் வந்த பட்டியல்படி. பட்டியலைச் செய்வது யார் என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை.

நான் என்ன சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் மகா முட்டாள் அவர் மட்டும் இல்லை. ஒரு ஆளுக்காகத் தனியாகக் குழம்பும் கூட்டுமா என்று நினைத்து நான் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. காலையில் காப்பி. அவர் தோசை பிய்ந்துபோனால் அது எனக்கு. மத்தியானம் மோர் விட்ட சாதமும் மாங்காய் ஊறுகாயும். மேலே ஒரு காப்பி. கீரை கொஞ்சம்தான் இருக்கும், அது அவருக்கு. பாதாமை நான் தொட்டது உரிக்கும்போது மட்டும்தான். இதையெல்லாம் யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சொல்லாமலே செய்தேன், அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

நடைக் கோஷ்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இவரையும் சேர்த்து எட்டுப் பேர் காலை ஐந்தே முக்காலுக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். தலைவர், மூன்று வீடு தள்ளி இருக்கும் ரிடயர்ட் பேங்க் மேனேஜர். ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிற்பார்கள். சர்க்கரை போடாத சாயா. கூடவே ஆளுக்கு இரண்டு உளுந்து வடை. பால் வாங்கப் போகும்போது நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உளுந்து ப்ரோட்டீனாக்கும். மேனேஜர் சொன்னார். நடந்துட்டு அரை மணிக்கூருக்குள்ள ப்ரோட்டீன் உள்ள போகணும், கேட்டியா."

வடை பொரித்த எண்ணெயைப் பற்றி மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. வீட்டில் என் தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மனுஷர் இவர்.

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மாதவிலக்கு நிற்கப் போகிற காலம். நிற்பதற்கு முன்னால் அது என்னை உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. மாசத்தில் பத்து நாள், சில சமயம் பன்னிரண்டு நாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். துணி உலர்த்திவிட்டு மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்குவேன். ஒருநாள் அவரிடம் சொன்னேன், "எனக்கு ரொம்ப க்ஷீணமா இருக்கு."

அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எக்ஸர்சைஸ் இல்லாததோட ப்ரச்னமாக்கும் அது. பொம்மனாட்டிகள் ஆத்துக்குள்ளயே இருந்தா அப்படித்தான். டெய்லி ஒரு அரை மணி நேரம் நட. சரியாயிடும்."

நான் திரும்பி அடுக்களைக்கு நடந்தேன். எங்கள் வீடு அக்ரஹாரத்து வீடு, ரயில் பெட்டி மாதிரி ஒரே நீளம். வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுக்களையிலிருந்து அந்த நீளம் முழுக்க நடந்துதான் கதவைத் திறக்க வேண்டும். கூப்பிடும் குரல் கூடத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ஆனால் அவர் எழுந்திருக்க மாட்டார். அவருடைய நடை காலையிலேயே முடிந்துவிட்டது.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் சங்கத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். முப்பது நாள் நடைப் போட்டி. தினமும் விளக்கு வைத்த பிறகு, அன்று எத்தனை அடி நடந்தோம் என்று வாட்சில் வந்ததைப் படம் பிடித்துக் குரூப்பில் போட வேண்டும். ஒரு நாள்கூட ஏழாயிரத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் வெளியே. இந்த எட்டுப் பேரும் பரீட்சை எழுதும் பிள்ளைகளைவிட மோசமாக ஆகிவிட்டார்கள். அடி குறைந்துபோன சாயங்காலங்களில் என் கணவர் கூடத்தில் ஊஞ்சலைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நான் காய்கறிப் பையோடு வாசலில் வந்து நின்றால், சுற்றுவதை நிறுத்தாமல், "வந்துட்டியா" என்பார். பையை வாங்கிக்கொண்டு நடந்திருந்தால் அதே அடிகள்தான் ஏறியிருக்கும் என்று இதுவரை அவருக்குத் தோன்றியிருக்காது.

பதினெட்டாம் நாள் அவர் விழுந்தார். நடக்கும்போது அல்ல. டீக்கடைப் படியிலிருந்து, கையில் வடையோடு இறங்கும்போது. கணுக்கால் வீங்கி, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எலும்பு முறியவில்லை, இரண்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு வலியைவிடப் போட்டி போய்விடுமே என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார். வாட்சைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினார்.

"நீ வெறுதே அங்கயும் இங்கயும் நடக்கறதுதானே. கட்டிண்டு நட. ஒண்ணும் ஆவாது."

அன்று நான் விசேஷமாக எங்கும் போகவில்லை. பால், கறிகாய், மாடித் துணி, பின்கட்டு, நூறு தடவை அடுக்களைக்கும் அவர் கட்டிலுக்கும். சாயங்காலம் பார்த்தால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அவர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் நின்றேன்.

"நல்ல வாட்சாக்கும் இது. ஒண்ணையும் விடல்லை," என்றார்.

படம் குரூப்புக்குப் போயிற்று. காலில் கட்டோடு எப்படி என்று யாரோ கேட்டதற்கு, வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடப்பதாக எழுதினார். மற்ற ஏழு பேரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். மனவுறுதி என்றால் இதுதான் என்று மேனேஜர் குரலைப் பதிவு செய்து அனுப்பினார். அதை என் கணவர் சத்தமாக வைத்து இரண்டு தடவை கேட்டார். நான் அப்போது அவர் காலுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் வாட்ச் கட்ட ஆரம்பித்த ஐந்தாம் நாள் மத்தியானம். நான் கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் வாட்ச் உதறியது. அவர் ஃபோனும் சத்தம் போட்டது. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுத் துடிப்பு மிகவும் அதிகம் என்று எச்சரிக்கை. அவர் ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி. அவர் முகத்தில் உண்மையான கவலை வந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், அது நடிப்பில்லை.

"வாட்ச் கேடாயிடுத்து," என்றார்.

காலை ஊன்றக் கூடாது என்று சொல்லப்பட்ட மனுஷர் மறுநாள் ஆட்டோ பிடித்து, குச்சி ஊன்றி, தம்பானூரில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் கடைக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அங்க ஒரு பொண்ணு. வாட்சை அவ கையில கட்டிப் பார்த்தா, எல்லாம் கரெக்டா காட்டறது. யாரு கட்டறதுன்னு கேட்டா. போட்டி இருக்கேன்னு, நான்தான்னேன். 'சாரே, வாட்சுக்கு ஒரு குழப்பமும் இல்லா. சார் சீக்கிரம் போய் ஒரு டாக்டரைக் காணணும்'னு பறயறா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல்லை."

சிரித்து முடித்துவிட்டு வாட்சை நீட்டினார். "கேடொண்ணும் இல்லை. கட்டிக்கோ."

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தப் பெண் டாக்டரைப் பார்க்கச் சொன்னது யாரை என்று இவருக்கு உறைக்கும், இப்போது உறைக்கும் என்று காத்திருந்தேன். அவர் கைகழுவப் போனார். எனக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. முதலில் வந்தது பயம். ஆறு மாசமாக என் உடம்பு சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வாட்ச் சொன்னதும் நம்பினேன். அப்படிப் பார்த்தால் நானும் அந்தக் கோஷ்டியில் ஒன்பதாவது ஆள்தான்.

மறுநாள் காலை வாட்சைக் கழற்றி அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டு, ஜங்ஷனில் இருக்கும் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன். டாக்டர் பெண். காகிதத்தைப் பார்த்தாள், என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். ரத்தம் இவ்வளவு குறைந்திருக்கும்போது இதயம் இரட்டை வேலை செய்துகொண்டிருக்கிறது என்றாள். இன்னும் கொஞ்சம் குறைந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றாள். பிறகு ஒரு தினத்தில் என்னவெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"காலையில பாதாம் பத்து," என்று ஆரம்பித்தேன். "ராகி தோசை. பதினோரு மணிக்குப் பயறு."

டாக்டர் எழுதிக்கொண்டாள். முருங்கைக்கீரை வரைக்கும் வந்த பிறகுதான் நான் சொல்லிக்கொண்டிருப்பது யாருடைய சாப்பாடு என்று எனக்கே தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. ஒரு அந்நியப் பெண் முன்னால், அந்தச் சின்ன அறையில், நான் அழுதேன். அவள் எழுதியதை அடித்துவிட்டு, நிஜமானதைச் சொல்லச் சொன்னாள். அது ஒரு வரியில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், ஒற்றைக் காலில். "எங்க போனாய்? வாட்சை இங்க வெச்சுட்டுப் போயிருக்கே. இன்னிக்கு மூவாயிரம்கூட ஆகல்லை."

நான் லேப் காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பால் அடுப்பில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எனக்கு இத்தனை குறைவா? எப்ப எடுத்த ரத்தம் இது? போன மாசம் நன்னா இருந்துதே," என்றார்.

அந்த வீட்டில் அதுவரை வந்த ரிசல்ட்டெல்லாம் அவருடையவை. வேறு யாருக்கும் ரத்தம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. பால் பொங்கும் வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை பயப்படட்டும் என்று இருந்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "மேல பேரைப் படிங்கோ," என்றேன்.

படித்தார். அவர் தோள் இரண்டும் இறங்கின. ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "ஐயோ, உனக்கா, என்னடி இது," என்று எழுந்திருக்கப் பார்த்தார். ஆனால் அந்த மூச்சை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் என்னிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு வாட்சை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. போட்டியிலிருந்து விலகுவதாகக் குரூப்பில் எழுதினார். காரணம், வாட்ச் கேடாகிவிட்டது. எட்டுப் பேரில் மிச்சம் ஏழு பேரும் வருத்தம் தெரிவித்தார்கள். அந்த மனவுறுதிக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது என்று மேனேஜர் எழுதினார்.

மறுநாள் காலை, ஊறியிருந்த பத்து பாதாமையும் தோலுரித்தேன். கிண்ணத்தோடு ஊஞ்சலில் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நானே தின்றேன். அவர் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு?"

"டப்பா அடுக்களை அலமாரியில இருக்கு. நாளைக்கு வேணும்னா நீங்களே எடுத்து ஊறப்போடுங்கோ. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்கோ."

அவர் நொண்டிக்கொண்டே அடுக்களைக்குப் போனார். ஊஞ்சலிலிருந்து அலமாரி வரை இருபத்திரண்டு அடி. உட்கார்ந்தபடியே நான் எண்ணினேன்.