குவான் தெஷுன் மூடிய ஓட்டைகள்

ரயில்வே கேட்டைத் திறப்பதும் மூடுவதுமாகவே காலத்தை ஓட்டிவிட்டு ஓய்வுபெற்றவர் குவான் தெஷுன். ஓய்வு அவருக்குக் கிடைத்தது, அவர் கைகளுக்குக் கிடைக்கவில்லை. சீனாவின் வடகோடி ஹெய்லோங்ஜியாங்கில் பனி இறங்குமுன் எல்லோரும் ஜன்னல் இடுக்குகளில் மாவுப்பசை தடவிக் காகிதம் ஒட்டுவார்கள். அவர் வீட்டை ஒட்டி முடித்த பிறகும் பசை மிஞ்சியது. சும்மா இருப்பாரா? கோழிக்கொட்டகையையும் ஒட்டினார். வெளியே பிளாஸ்டிக் தாள், கதவுக்குப் பழைய மெத்தைப்போர்வை. எறும்பு உள்ளே போவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

காரணம் இருந்தது. மருமகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள். பெற்ற மாதம் முழுக்க அவளுக்கு முட்டையும் கோழிச்சாறும்தான். "எங்க வீட்டுக் கோழி முட்டையாக்கும்" என்று சம்பந்தியிடம் போனில் பீற்றியும் ஆயிற்று.

குளிர் இறுகியதும் கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. சேவலின் கொண்டை நுனி கறுத்தது. உள்சுவரெல்லாம் உறைபனி, கண்ணை எரிக்கும் எச்ச நெடி. எங்கோ குளிர் புகுந்துவிட்டதென்று இன்னொரு போர்வையைத் தொங்கவிட்டார். கோழிகள் தும்ம ஆரம்பித்தன.

"யோவ், அதுங்க விட்ட மூச்சுதான்யா சுவத்துல உறைஞ்சு நிக்குது," என்றாள் மனைவி யூஷியாங். "அந்த ஈரத்துலதான் கொண்டை கருகுது. கொஞ்சம் காத்து விடேன்."

கொட்டகை ஜன்னலைத் திறந்தார். வடக்குக் காற்று, கழியில் உட்கார்ந்திருந்த கோழிகளின் இறகைக் கிளப்பியது. தரைக்குக் குதித்து ஒன்றோடொன்று ஒண்டின. மூடினார், நெடி. திறந்தார், நடுக்கம்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஃபூ அக்கா கேட்டாள்: "குவான் அண்ணே, இப்ப எந்த ரயில் வருது?"

குவான் கொட்டகைக்குள் போய்க் கோழிகளோடு குந்தி, சிகரெட் பற்றவைத்தார். புகை மேலே போய்க் கூரையில் முட்டி, வெளியேற வழியில்லாமல் சுற்றிச்சுற்றி வந்தது. அவரைப் போலவே.

ரம்பத்தை எடுத்தார். காற்றடிக்காத தெற்கிலும் கிழக்கிலும், கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி நீளமாகத் திறப்பு வெட்டினார். வடக்கு மூடியபடியே இருந்தது. இன்னொரு சிகரெட். புகை ஒழுங்காக வெளியே நடந்தது. இறகு ஒன்றும் அசையவில்லை.

சுவர் காய்ந்து, நெடி அடங்கி, ஒரு காலையில் வெதுவெதுப்பான முட்டையைத் தொப்பியில் ஏந்திக்கொண்டு வந்தார். யூஷியாங் அதை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம்.

மருமகளுக்கு ஒதுக்கிய அறையில் நின்றிருந்தார். பெற்றவள்மேல் காற்றே படக் கூடாதென்று அங்கே மட்டும் இரட்டைக் காகிதம். மூக்கை உறிஞ்சியபடி சுவரின் உச்சியை அளந்துகொண்டிருந்தார். கையில் ரம்பம்.

"அந்தச் சுவத்துல கை வச்சே, நீதான் போய்க் கழியில உக்காரணும்!"

"சின்னதா ஒண்ணுடி," என்றார் குவான். "தலைக்கு மேலதான்."